ரிட்டர்ன் பார்சலைப் பிரித்து நம்பர் பார்க்கும் முன் பணத்தைத் திருப்பாதீர்கள்

பழைய போன், லேப்டாப், கேமரா லென்ஸ் என்று வீட்டில் கிடப்பதை ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டு, வெளியூருக்குக் கூரியரில் அனுப்பி விற்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பணம் வராமல் பொருளை அனுப்பக் கூடாது என்பது இன்று எல்லோருக்கும் தெரியும். க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்பவனையும் பலர் அடையாளம் கண்டுகொள்கிறார்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. அதனால் ஏமாற்று இப்போது விற்பனை முடிந்த பிறகு தொடங்குகிறது, ரிட்டர்ன் என்ற பெயரில்.

வாங்குபவர் பேரம்கூடப் பேசாமல் முழுப் பணத்தையும் அனுப்புவார். பார்சல் போய்ச் சேரும். இரண்டு நாள் கழித்து, "அண்ணா, டச் சரியா வேலை செய்யல, கோடு விழுது" என்று ஒரு வீடியோ வரும். பேச்செல்லாம் மரியாதையாகத்தான் இருக்கும். சரி, திருப்பி அனுப்புங்கள் என்று சொன்னதும் டிராக்கிங் நம்பர் வந்துவிடும். கூடவே, "பார்சல் போட்டாச்சுண்ணா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க, பணத்தை மட்டும் இப்பவே போட்டுடுங்க." போட்டால் முடிந்தது. வந்து சேரும் பெட்டியில் வேறு போன் இருக்கலாம், எடைக்காக வைத்த சோப்புக் கட்டி இருக்கலாம், அல்லது உங்கள் போனே உள்பாகம் மாறி வந்திருக்கலாம்.

கடைசியாகச் சொன்னதில்தான் விவரம் தெரிந்தவர்களும் விழுகிறார்கள். ரிட்டர்ன் வந்த போனில் *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஐஎம்இஐ மதர்போர்டோடு போவது. டிஸ்ப்ளே, பேட்டரி, கேமரா மூன்றையும் கழற்றிவிட்டுக் காப்பி உருப்படிகளைப் போட்டாலும் அதே நம்பர்தான் வரும். பிரிக்காத போனில் இருக்கும் ஒரிஜினல் டிஸ்ப்ளே காம்போவுக்கு (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்தது) சர்வீஸ் கடைகளில் தனி விலை உண்டு. அதை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே கோடு விழுந்த ஒரு காம்போவை மாட்டி அனுப்புவதுதான் அவர் வேலை. வீடியோவில் காட்டிய கோடு உண்மையான கோடுதான், உங்கள் டிஸ்ப்ளேயில் விழுந்தது மட்டும் இல்லை.

ஐபோன் என்றால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஐஓஎஸ் 15.2 முதல், செட்டிங்ஸ், ஜெனரல், அபௌட் என்று போனால், பாகம் எதுவும் மாற்றப்பட்டிருந்தால் 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' என்ற பகுதி தெரியும். ஐபோன் 12, அதற்குப் பிந்தைய மாடல்களில் பேட்டரி, டிஸ்ப்ளே, கேமரா மூன்றுக்கும் காட்டும். ஐபோன் 11 வரிசையில் பேட்டரி, டிஸ்ப்ளே இரண்டுக்கும். எதுவும் மாறாத போனில் அந்தப் பகுதியே வராது. ஆகவே அனுப்பும் முன் அபௌட் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை நிதானமாக உருட்டி வீடியோ எடுத்துவிடுங்கள். அன்று இல்லாத பகுதி திரும்பி வந்த போனில் 'அன்நோன் பார்ட்' என்று காட்டினால், இடையில் போன் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டாம். போனை இணையத்தில் இணைத்துவிட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் ஸ்விட்ச் காணாமல் போயிருந்தாலும் டிஸ்ப்ளே மேல் சந்தேகப்பட வேண்டும்.

ஆண்ட்ராய்டில் இவ்வளவு வசதி இல்லை, கண்ணைத்தான் நம்ப வேண்டும். அமோலெட் திரை (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) உள்ள போனா? முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து, விளக்கை அணைத்த அறையில் பாருங்கள். அமோலெட்டில் கறுப்பு சுத்தக் கறுப்பாக, போன் அணைந்த மாதிரியே இருக்கும். மலிவான எல்சிடி காப்பி மாட்டியிருந்தால் சாம்பல் வெளிச்சம் கசியும். திரைக்குள் கைரேகை வைக்கும் மாடல் என்றால் காப்பி எல்சிடியில் அது வேலையே செய்யாது. சாம்சங்கில் *#0*# அழுத்தினால் சோதனை மெனு பல மாடல்களில் திறக்கும். டச், நிறம், கேமரா எல்லாவற்றையும் அதிலேயே ஓட்டி, அனுப்பும் முன் பதிவு செய்துகொள்ளலாம்.

இதற்கெல்லாம் மேல் ஒரு பழைய வேலை இருக்கிறது: நகப்பூச்சு. ஊசி நுனியில் தொட்டு, வெளியே தெரியும் திருகின் தலையிலும் அதைச் சுற்றிய உடலிலும் சேர்ந்தாற்போல் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டு, கிட்டத்தில் படம் எடுங்கள். ஐபோனில் சார்ஜ் துளைக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு சின்னத் திருகுகள், லேப்டாப்பின் அடிப்பலகைத் திருகுகள், கேமராவில் மாட்டும் வளையமான லென்ஸ் மவுண்டின் திருகுகள். திருகைத் திருப்பினால் பொட்டு பிளக்கும். அதே இடத்தில் அதே வடிவில் மறுபடி வைக்க முடியாது. பளிச்சென்ற நிறம் வேண்டாம், வாங்குபவருக்கு அசிங்கமாகத் தெரியும். நிறமில்லாத பூச்சே போதும், டார்ச் சாய்த்து அடித்தால் பளபளப்பது படத்தில் விழும். வைத்ததை வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னவுடன் பின்வாங்கும் ஆளும் உண்டு, போகட்டும்.

லேப்டாப்பில் மாறுவது ராமும் (வேலை நினைவகம்) எஸ்எஸ்டியும் (ஃபைல்கள் சேமிக்கும் டிரைவ்). 16 ஜிபி போய் 8 ஜிபி வந்தால் டாஸ்க் மேனேஜரிலேயே தெரியும். 16க்குப் பதில் வேறு மலிவான 16 வந்தால் தெரியாது. சிபியு-இசட் மென்பொருளில் எஸ்பிடி பக்கத்தில் ராம் தயாரிப்பாளர் பெயரும் பார்ட் நம்பரும் இருக்கும், படம் பிடியுங்கள். எஸ்எஸ்டிக்கு கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ. அதில் சீரியல் நம்பரோடு 'பவர் ஆன் ஹவர்ஸ்' என்று மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதும் வரும். "ஆன் ஆகவே இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட லேப்டாப்பில் அந்த எண் முப்பது நாற்பது கூடியிருந்தால், பிராஜெக்ட் வேலைக்கு இலவச வாடகையில் போய் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

லென்ஸில் பாகம் மாறுவதைவிட லென்ஸே மாறுவது அதிகம். தன்னிடம் உள்ள பூஞ்சை பிடித்த லென்ஸை வைத்துவிட்டு, அதே மாடலில் உங்களுடைய சுத்தமான லென்ஸை எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை சாதாரணம் என்பதால் கேட்கவும் நன்றாக இருக்கும், "உள்ள ஃபங்கஸ் இருக்கே, பாக்கலையா?" சீரியல் நம்பரையும், பின்பக்கம் இருந்து டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் தெரியும் தூசிப் புள்ளிகளையும் ஒரே வீடியோவில், வெட்டாமல் எடுத்துவையுங்கள். அந்தப் புள்ளிகள் மச்சம் மாதிரி. ஒவ்வொரு லென்ஸுக்கும் வேறு.

பேக்கிங் வீடியோ பற்றி எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் பலர் எடுப்பது எதற்கும் பயன்படாத வீடியோ. போனைக் காட்டி நிறுத்தி, மூடிய பெட்டியைக் காட்டி இன்னொன்று எடுப்பார்கள். இடையில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கலாம். ஒரே ஓட்டமாக இருக்க வேண்டும்: ஐஎம்இஐ திரையில், திருகுப் பொட்டு, பெட்டிக்குள் வைப்பது, டேப் ஒட்டுவது, டேப்பின் மேலும் அட்டையின் மேலும் ஏறுகிற மாதிரி மார்க்கரில் கையெழுத்து, பிறகு சமையலறைத் தராசில் எடை. கூரியர் கவுண்டரில் தரும் ரசீதிலும் எடை இருக்கும், ஆனால் தனியார் கூரியரில் அது பெரும்பாலும் கட்டணத்துக்கான எடை. பெட்டியின் அளவைப் பொறுத்தோ அரைக் கிலோ கணக்கிலோ போட்டிருப்பார்கள். உண்மையான எடையை கிராமில் எழுதித் தரக் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட் ரசீதில் கிராம் கணக்கு அச்சிலேயே வரும், சண்டை வந்தால் அந்தத் துண்டுச் சீட்டுக்கு மதிப்பு அதிகம்.

வாங்குபவரும் இதேபோல் வெட்டாத வீடியோ எடுக்க வேண்டும் என்பதைப் பணம் வாங்கும் முன்னரே எழுத்தில் ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும். ரிட்டர்ன் பேச்சு வந்தபின் நிபந்தனை சொன்னால் அது எடுபடாது. இப்படி ஒரு செய்தி போதும்:

"பார்சல் கைக்கு வந்த 24 மணி நேரத்துக்குள் குறை சொன்னால் மட்டும் ரிட்டர்ன். சீல் பிரிப்பதற்கு முன்பிருந்து போன் ஆன் ஆகும்வரை வெட்டாத வீடியோ வேண்டும். நான் சொன்னதற்கு மாறாகக் குறை இருந்தால் கூரியர் செலவு என்னுடையது. மனம் மாறினால் இரண்டு பக்கச் செலவும் உங்களுடையது. பொருள் என் கைக்கு வந்து, நம்பரும் பாகங்களும் சரிபார்த்து ஒரு நாளுக்குள், பணம் வந்த அதே கணக்குக்குத் திரும்பும். சம்மதமா?"

'சம்மதம்' என்று பதில் வந்தபிறகு யுபிஐ எண்ணைக் கொடுங்கள். அரட்டையில் மறையும் செய்திகள் வசதி ஆன் ஆகியிருந்தால் முதலில் அணையுங்கள். நடுவில் அதை ஆன் செய்கிறவரிடம் வியாபாரமே வேண்டாம்.

'அதே கணக்கு' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். "என் அக்கவுண்ட்ல பிரச்சினை, தம்பி நம்பருக்குப் போடுங்க" என்பது இந்த ஏமாற்றின் இன்னொரு முகம். முதலில் உங்களுக்கு வந்த பணமே வேறு யாரையோ ஏமாற்றி அனுப்ப வைத்த பணமாக இருக்கலாம். நீங்கள் தம்பி நம்பருக்கு அனுப்பியதும் அது சுத்தமான பணமாகி அவர் கைக்குப் போகிறது. அந்த யாரோ 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுக்கும்போது முடக்கப்படுவது உங்கள் கணக்கு. பணம் அனுப்பியவர் பெயரும் பார்சல் முகவரியில் உள்ள பெயரும் வேறு வேறாக இருந்தால் அனுப்பும் முன்பே காரணம் கேளுங்கள்.

திருப்பி அனுப்பச் சம்மதிக்கும்போது இன்னொரு வேலையும் உண்டு. போனிலிருந்து அவருடைய ஆப்பிள் ஐடியோ கூகுள் கணக்கோ வெளியேறியாக வேண்டும். தொலைந்த போனைத் தேடும் ஃபைண்ட் மை வசதி ஆன் ஆகி இருக்கும்போது வந்து சேர்ந்த ஐபோன், அவருடைய பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காத ஆக்டிவேஷன் லாக் விழுந்து உங்களுக்கு உதவாது. ஆண்ட்ராய்டில், கணக்கை நீக்காமல் ரிக்கவரி வழியாக ரீசெட் அடித்தால் பழைய கூகுள் கணக்கைக் கேட்டுக்கொண்டே நிற்கும். செட்டிங்ஸில் கணக்கை நீக்கி, பிறகு ரீசெட் செய்வதைப் பெட்டியில் போடும் முன் வீடியோவாக அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் விற்கும்போதும் இதே ஒழுங்குதான். "லாக் கேட்குது" என்று வரும் ரிட்டர்ன்களில் தவறு பெரும்பாலும் விற்றவருடையது. ஒரிஜினல் பில்லைக் கொடுத்திருந்தால் அதையும் திரும்ப வாங்குங்கள். 2023 மே முதல் தொலைந்த போனை நாடு முழுவதும் முடக்கும் சிஇஐஆர் வசதி மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் இருக்கிறது. பில்லை வைத்து உங்கள் போனைத் தொலைந்ததாகச் சொல்லி முடக்கப் பார்க்கலாம், அதனால் அது இன்னொருவர் கையில் கிடப்பது நல்லதல்ல.

ரிட்டர்ன் வரும் அன்று வாசலிலேயே எடை போடுங்கள். டிராக்கிங்கில் டெலிவர்டு என்று காட்டுவதை மட்டும் வைத்துப் பணம் கேட்பார்கள். காலி உறையை அனுப்பினாலும் டெலிவர்டு என்றுதான் காட்டும். கையெழுத்துப் போடும் முன் பிரிக்கக் கூரியர் பையன் விடமாட்டார். ஆனால் டேப் பிரிந்திருந்தாலோ எடை குறைந்திருந்தாலோ டெலிவரிச் சீட்டில் அதை எழுதிக் கையெழுத்திடலாம், பெட்டியின் ஆறு பக்கமும் படம் எடுக்கலாம். அப்புறம் பிரிப்பதும் வெட்டாத வீடியோவில்.

திருப்பியே அனுப்பாமல், "மூவாயிரம் குடுங்க, நானே சரி பண்ணிக்கிறேன்" என்பவர்களும் இருக்கிறார்கள். பொருள் நன்றாக இருக்கிறது, விலையைக் குறைக்கப் பார்க்கிறார், அவ்வளவுதான். இதற்கு ஒரே பதில்: முழுப் பொருள் வரட்டும், முழுப் பணம் வரும். குறை உண்மை என்றால் அவர் அனுப்பிவிடுவார்.

"ஏழு நாள் ரிட்டர்ன் சட்டம் இருக்கு, கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்" என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். அப்படிப் பொதுவான ஏழு நாள் சட்டம் எதுவும் இல்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் மின்வணிக விதிகள், வியாபாரமாக இல்லாமல் சொந்தப் பொருளை எப்போதாவது விற்கும் தனிநபருக்குப் பொருந்தாது. அதற்காக எதையும் சொல்லி விற்கலாம் என்றும் இல்லை. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 15ஆவது பிரிவின்படி, விவரம் சொல்லி விற்ற பொருள் அந்த விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும். 'ஸ்க்ராட்ச் இல்லை' என்று எழுதிவிட்டுக் கீறலோடு அனுப்பினால் நியாயம் வாங்கியவர் பக்கம்தான், பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். பேட்டரி எத்தனை சதவீதம், டிஸ்ப்ளே மாற்றியதா, எந்த மூலையில் கீறல் என்று குறைகளை விளம்பரத்திலேயே எழுதினால் நேர்மையான ரிட்டர்ன்களில் முக்கால்வாசி வராது.

இத்தனைக்குப் பிறகும் பொருள் மாறி வந்தால் அதை ரிப்பேருக்குக் கொடுக்காதீர்கள், பெட்டியையும் டேப்பையும்கூட எறியாதீர்கள். பணம் இன்னும் உங்களிடம் இருந்தால், என்ன மாறியிருக்கிறது என்பதைப் படங்களோடு அரட்டையில் எழுதி, ரீஃபண்ட் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று தெரிவித்துவிடுங்கள். பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930. நேரம் கடந்தால் அந்தப் பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிடும். புகாரில் யுபிஐ பரிமாற்றத்தின் 12 இலக்க எண், இரு பக்க டிராக்கிங் எண்கள், ஐஎம்இஐ, 'எக்ஸ்போர்ட் சாட்' மூலம் எடுத்த வாட்ஸ்அப் அரட்டை எல்லாம் கேட்பார்கள். மோசடி என்பது 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆவது பிரிவு. பழைய 420ஐச் சொன்னாலும் நிலையத்தில் புரிந்துகொள்வார்கள்.

முடங்கியது உங்கள் கணக்கு என்றால், எந்த மாநிலக் காவல் நிலையம், என்ன புகார் எண் என்று வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விற்ற விளம்பரம், பார்சல் ரசீது, பேக்கிங் வீடியோ, பணத்தை அதே கணக்குக்குத் திருப்பிய பதிவு ஆகியவற்றை அந்த நிலையத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி, நகலை வங்கிக்கும் கொடுங்கள். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து மீதியை விடுவிக்கும்படி தனியாக ஒரு வேண்டுகோள் கடிதமும் சேர்த்துக் கொடுங்கள்.