டூஷே அமோரேயின்ர 'ஸ்டேஜ் ஃபோர்': பதினொரு பாட்டு, ஒரு அம்மா

கத்திப் பாடுறதெண்டாலே ஆத்திரம்தான் எண்டு நினைக்கிற ஆக்கள் இந்த ஆல்பத்த ஒருக்கா முழுசாக் கேக்கவேணும். லாஸ் ஏஞ்சலிஸ் போஸ்ட்-ஹார்ட்கோர் (பங்க் ராக்கில இருந்து வந்த, கத்திப் பாடுற வகை) பேண்ட் டூஷே அமோரே, 2016 செப்டம்பர்ல எபிடாஃப் லேபிள்ல விட்டது, 11 பாட்டு, எல்லாம் சேத்தாலும் 35 நிமிசம் மட்டில தான். பதினொண்டும் ஒரே ஒரு சாவைப் பற்றி. பாடகர் ஜெரமி போல்மின்ர அம்மா 2014 அக்டோபர் 31 கான்சரால மோசம் போனவ, 69 வயசு. இது அவையின்ர நாலாவது ஆல்பம், வருத்தமும் நாலாம் கட்டம், தலைப்பு அதுதான்.

கான்செப்ட் ஆல்பம் (முழுக்க ஒரே விசயத்தச் சுத்தின ஆல்பம்) எண்டா கனபேர் கற்பனைக் கதையொண்டக் கட்டப்போய் கடைசியில கதை பாட்ட விழுங்கிப்போடும். இதில அப்பிடி ஒண்டும் இல்ல. அம்மா போன நேரம் இவர் புளோரிடாவில ஒரு ஃபெஸ்டிவல்ல மேடையில பாடிக்கொண்டு நிண்டவர், இறங்கின பிறகுதான் போன்ல விசயம் தெரியவருது, பக்கத்தில இருக்கேல்லையே எண்ட அந்த நெஞ்சுக் குத்தல்தான் முழு ஆல்பத்தையும் பிடிச்சு வச்சிருக்கு. 'எய்ட் செகண்ட்ஸ்' அந்த போன்கோலப் பற்றினது. யாழ்ப்பாணத்தில இருக்கிற ஆளுக்கு இத விளங்கப்படுத்தத் தேவையில்ல, பிள்ளையள் கனடா, லண்டன், சுவிஸ் எண்டு இருக்க செத்தவீட்ட லைவில பாத்து அழுற சனம் நாங்கள். கொள்ளி வைக்க வந்து சேர ஏலாமப்போன மோன்ர மனசில என்ன கிடந்ததெண்டு அந்தியேட்டிக்கு அடிக்கிற கல்வெட்டுப் புத்தகத்தில வராது, அதில போனவையின்ர குணமும் பெருமையும்தான் இருக்கும். போல்ம் எழுதினது அந்த மற்றப் பக்கத்த.

அதுவும் பெரிய பெரிய சோக வசனமா இல்ல. 'டிஸ்பிளேஸ்மெண்ட்'ல அம்மாவின்ர கடவுளிட்டக் கேட்டுப் பாத்தன், பதில் வரேல்ல எண்டுறார். 'பாம் ட்ரீம்ஸ்'ல, அம்மா ஏன் கலிபோர்னியாவுக்கு வந்து குடியிருந்தவ எண்டு அவ இருக்கேக்க ஒருநாளும் கேக்காம விட்டத நினைச்சுப் பாடுறார் (எங்கட அம்மம்மாமாரிட்ட நாங்களும் எவ்வளவத்தக் கேக்காம விட்டிருப்பம்). இப்பிடிச் சின்னச் சின்ன விசயங்களால ஆல்பம் உண்மையா இருக்கு.

சத்தத்தப் பற்றிச் சொன்னா, நிக் ஸ்டைன்ஹார்ட்டும் கிளேட்டன் ஸ்டீவன்ஸும் கிட்டார வடிவாத் தெளிவா வாசிக்கினம், அதால கத்தலுக்குப் பின்னால ஒரு வெளிச்சம் நிக்குது. சில இடங்களில போல்ம் கத்துறத விட்டிட்டு அடிக்குரலில சாதுவாப் பாடுறார், முந்தின ஆல்பங்கள் கேட்ட ஆக்களுக்கு அது புதுசு, எனக்கு அந்த இடங்கள்தான் கூடப் பிடிச்சது. 'சாஃப்டர் ஸ்போக்கன்', 'போசிங் ஹோலி' பக்கம் வரேக்க மட்டும் ரெண்டு மூண்டு பாட்டு ஒரே மாதிரிக் கடந்து போகுது.

ஒண்டு கட்டாயம் சொல்லவேணும், ஷஃபிள்ல போட்டுக் கேக்காதேங்கோ. ரெண்டாவது பாட்டு 'நியூ ஹாலோவீன்'ல, அம்மா கடைசியா விட்ட வாய்ஸ் மெசேஜக் கேக்கத் தனக்கு இன்னும் துணிவு வரேல்ல எண்டு பாடுறார். கடைசிப் பாட்டு 'ஸ்கைஸ்கிரேப்பர்', அமெரிக்கப் பாடகி ஜூலியன் பேக்கர் கூடச் சேந்து பாடுறா, அது முடியேக்க அந்த அம்மாவின்ர குரலே மெசேஜில வருது. நடுவில உள்ள எட்டுப் பாட்டையும் கேட்டிருந்தாத்தான் அந்த இடம் உங்களப் பிடிக்கும்.

யூடியூப்பிலயும் ஸ்பொட்டிஃபைலயும் கிடக்கு. இங்கிலிஷ் வரிகளப் பக்கத்தில திறந்து வச்சுக்கொண்டு ஹெட்போன்ல கேளுங்கோ, கத்தலுக்க சொல்லுகள் முதல் தரம் பிடிபடாது. வீட்டில கிட்டடியில ஆரையும் இழந்த ஆக்கள் கொஞ்ச நாள் பொறுத்துக் கேக்கிறது நல்லம்.