இம்ப்ளான்ட் பல்லும் அதற்கு முன்னால் இருக்கிற சந்தும்

விழுந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் ஆணி பதித்துப் பொருத்துகிற இம்ப்ளான்ட் போடலாமா, கழற்றி மாட்டுகிற பல் செட்டே போதுமா என்று ஹட்டன் பக்கத்து நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். டைட்டேனியம் ஆணி, அதன் மேல் இணைப்புத் துண்டான அபட்மன்ட், அதற்கும் மேலே பல் மூடி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். கீழ்த் தாடையில் எலும்பு பிடிக்க இரண்டு மூன்று மாதம், மேல் தாடையில் இன்னும் கூட ஆகும் என்பதும் தெரியும். போடுகிற இடத்தில் வாய் திறந்து சொல்லாத சங்கதி ஒன்று இருக்கிறது. ஆணி சும்மா கிடக்கும், அதற்கும் முன் பல்லுக்கும் இடையே இருக்கிற சந்துதான் உயிரை வாங்கும்.

குறை சொல்வதற்கு முன் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். கீழ்க் கடைவாயில் ஆறிப்போன கோதுமை ரொட்டியை மெல்ல இதை விட நல்ல ஏற்பாடு இல்லை. செட் என்றால் தட்டு தூக்கும், அடியில் துணுக்கு போய் முரசு, அதாவது ஈறு, புண்ணாகும். நுவரெலியாவில் விடியக்காலைக் குழாய்த் தண்ணீரில் கொப்பளித்தால் மற்றப் பல்லெல்லாம் கூசும், இது கூசாது. உள்ளே நரம்பு இல்லை.

உணர்வில்லாததில் நஷ்டமும் உண்டு. சொந்தப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. சோற்றில் கல் பட்டதும் தாடையை நிறுத்துவது அதுதான். இம்ப்ளான்டுக்கு அந்தச் சவ்வு இல்லாததால் மூடியின் பொர்சலின் சில்லுப் பெயர்ந்த பிறகுதான் கல் கடித்ததே தெரியும். அரிசியில் கல் அரிக்கிற அரிக்கன் சட்டியை வீசிவிடாதீர்கள்.

இனி அந்தச் சந்து. சொந்தப் பற்கள் ஆயுள் முழுக்க மிக மெதுவாக முன்பக்கம் நகர்ந்துகொண்டே இருக்கும். எலும்போடு ஒட்டிப்போன இம்ப்ளான்ட் இம்மியும் நகராது. அதனால் போட்ட அன்று இறுக்கமாக இருந்த இடம் சில வருடங்களில் திறந்துகொள்ளும், பெரும்பாலும் முன்பக்கத்தில். அதற்குப் பிறகு தேங்காய்ச் சம்பலும் மாசித்தூளும் இறைச்சி நாரும் சாப்பிடும் ஒவ்வொரு தடவையும் அங்கேதான் போய் உட்காரும். பல் நூலை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். ‘டக்’ என்று தட்டி இறங்கினால் சரி. வழுக்கிக்கொண்டு போனால் திறந்துவிட்டது.

எரிச்சலோடு விட்டால் பரவாயில்லை. டைட்டேனியத்தைச் சுற்றி முரசின் பிடி சொந்தப் பல்லில் இருக்கிற அளவு உறுதியானதல்ல. இடுக்கில் சிக்கியது கிடந்து அழுகினால் முதலில் முரசு வீங்கி இரத்தம் கசியும். அந்தக் கட்டத்தில் துப்புரவு செய்தால் மாறும். எலும்பு கரையத் தொடங்கினால் பழைய நிலைக்குக் கொண்டுவருவது பெரும்பாடு. இன்னொரு அநியாயம், இம்ப்ளான்ட் சொத்தை விழாது, அதை ஒட்டியிருக்கிற நல்ல பல்தான் சொத்தையாகும். ஈர்க்குச்சியால் குத்தினால் முரசு கிழியும். பிளாஸ்டிக் பூசிய கம்பியுள்ள இடுக்குப் பிரஷ், 0.6 அல்லது 0.7 மி.மீ., சந்துக்குச் சற்று இறுக்கமாகப் போகிற அளவு பார்த்து வாங்கி இரவில் கட்டாயம் விட வேண்டும்.

சந்தை அடைக்க இரண்டு வழி. பக்கத்துப் பல்லின் ஓரத்தில் பல் நிற அடைப்புப் பசையான கொம்போசிட் வைத்துத் தடிப்பாக்கலாம். இல்லையென்றால் மூடியைக் கழற்றி லேபில் அந்தப் பக்கம் பொர்சலின் ஏற்றிச் சூளையில் வைத்து எடுக்கலாம். இரண்டாவது வழிக்கு மூடி ஸ்க்ரூவில் பூட்டியதாக இருக்க வேண்டும். நடுத் துளையை அடைத்த கொம்போசிட்டைத் தோண்டி, அடியிலுள்ள டெஃப்லான் டேப்பை இழுத்து, ஸ்க்ரூவைத் திருகினால் கழன்றுவிடும். சிமெந்தில் ஒட்டியதென்றால் மூடியைத் துளைக்கவோ வெட்டவோ நேரும். அதோடு ஒட்டும்போது முரசுக்குள் வழிந்து தங்குகிற சிமெந்தே பின்னால் சீழுக்குக் காரணமாகலாம்.

ஸ்க்ரூவையும் கை பார்த்த அளவில் முறுக்கக் கூடாது. கம்பனி சொன்ன அளவுக்கு, பெரும்பாலும் 25 முதல் 35 நியூட்டன் சென்ரிமீற்றருக்குள், டோர்க் ரெஞ்சால் முறுக்கி, பத்து நிமிடம் விட்டு மறுபடி முறுக்க வேண்டும். முதல் முறுக்கில் புரிகள் படிந்து பிடி கொஞ்சம் தளரும் என்பதால்தான் இந்த இரண்டாம் தடவை. மூடி லேசாக ஆடினாலோ அந்த இடத்தில் கெட்ட சுவை வந்தாலோ அந்தப் பக்கம் மெல்லுவதை நிறுத்துங்கள். ஸ்க்ரூ உள்ளே முறிந்தால் அதை எடுப்பது தனி வேலை.

மலைநாட்டில் இன்னொரு தலைவலி, திருகுகிற சாவி. கம்பனிக்குக் கம்பனி மாறும்: ஒஸ்டெமுக்கு 1.2 மி.மீ. அறுகோணம், ஸ்ட்ரோமனுக்கு நட்சத்திர வடிவம், வேறு சிலதுக்கு 1.25 மி.மீ. அறுகோணம். பொகவந்தலாவையில் இருந்து கண்டிக்குப் பஸ் ஏறிப் போய், “இந்தச் சாவி எங்களிடம் இல்லை” என்று கேட்டுத் திரும்புவது பல்வலியை விட மோசம். ஆணியின் பெயர், விட்டம், நீளம், லொட் நம்பர் எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வாங்கி அடையாள அட்டையோடு வைத்திருங்கள்.

வெற்றிலை பாக்குப் பழக்கத்தால் வாய் இறுகி, மூன்று விரல் நெடுக்காக நுழையாவிட்டால் கடைவாய்க்கு ஆசைப்பட வேண்டாம், கருவியே உள்ளே போகாது. புகைபிடிப்பவருக்கும் சீனி கட்டுப்படாதவருக்கும் எலும்பு பிடிப்பது சந்தேகம்.

நண்பரே, இடைவெளியின் இருபக்கப் பல்லும் பழுதில்லை என்றால் அவற்றை ராவி, அவற்றின் மேல் தாங்குகிற பாலப் பல்லான பிரிட்ஜ் போடாதீர்கள், இம்ப்ளான்டே போடுங்கள். ஸ்க்ரூ வகை என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் இம்ப்ளான்ட் போட்ட எனக்கு மறுபக்கமும் ஒரு பல் இல்லை. அங்கே இன்னொன்று போடச் சொன்னால் மாட்டேன். ஒரு சந்தைக் கட்டி மேய்ப்பதே போதும்.