கனடா குளிரில் ஒரு மின்சார பிக்கப்: எஃப்-150 லைட்னிங் அனுபவம்

வீடுகளில் பேஸ்மென்ட் கட்டிக்கொடுப்பதும் குளியலறைகளைப் புதுப்பிப்பதும் என் தொழில். டொராண்டோ பக்கத்தில் இருக்கும் மிசிசாகாவில் இருந்து பிராம்ப்டன், ஓக்வில், ஸ்கார்பரோ என்று தினமும் ஓட்டம். பெட்ரோல் பிக்கப்பைக் கொடுத்துவிட்டு, 2023 மாடல் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் வாங்கினேன். பெரிய பேட்டரி, 131 கிலோவாட் ஹவர். அதாவது நம் வீட்டு மின்கட்டணத்தில் வரும் அதே யூனிட்தான். கோடை, பனி எல்லாம் பார்த்தாகிவிட்டது. வாங்கலாமா என்று கேட்கிற தொழில் நண்பர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

‘ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?’ என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். அறிவிக்கப்பட்ட கணக்கு 515 கிலோமீட்டர். ஆனால் ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால்தான் உண்மை பிடிபடும். 515 என்பது யூனிட்டுக்கு 3.9 வருகிறது. கோடையில், ஊருக்குள் நிதானமாக ஓட்டினால் அது கிடைக்கிறது. 401 நெடுஞ்சாலையில் 120-ல் போனால் 3-க்குப் பக்கத்தில் வந்துவிடும். மைனஸ் 15 டிகிரியில் அதே சாலையில் 2.2 கிடைத்தால் நல்ல நாள். திரையில் காட்டும் மீதி தூரம், பெரும்பாலும் இதற்கு முன் எப்படி ஓட்டினோம் என்பதை வைத்துப் போடுகிற கணக்கு. ஊருக்குள் ஒரு வாரம் ஓட்டிவிட்டு நெடுஞ்சாலை ஏறும்போது அந்த எண்ணை நம்பிப் புறப்படக் கூடாது. பேட்டரியில் எத்தனை யூனிட் மிச்சம், இன்றைய வானிலைக்கு யூனிட்டுக்கு என்ன கிடைக்கும், இரண்டையும் மனதில் பெருக்கிவிட்டுப் புறப்படுகிறேன்.

வேகத்தைக் குறைப்பதுதான் இருப்பதிலேயே மலிவான வழி. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. 120-ல் இருந்து 100-க்கு இறங்கினால் காற்றைத் தள்ளுவதற்கு ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆகும் சக்தி சுமார் 30 சதவீதம் குறையும். முகப்பு இவ்வளவு அகலமாகவும் உயரமாகவும் இருக்கிற வண்டியில் இது காரைவிட நன்றாகவே தெரிகிறது.

குளிர்காலத்தில் நீண்ட பயணத்தைவிட மோசமானவை சின்னச் சின்ன ஓட்டங்கள். காலையில் மரக்கடை, அங்கிருந்து டைல்ஸ் கடை, அப்புறம் சைட். ஒவ்வொரு இடத்திலும் அரைமணி நேரம் நின்றால் கேபின் ஆறிவிடுகிறது, மறுபடி முதலில் இருந்து சூடாக்க வேண்டும். அந்த நாட்களில் யூனிட்டுக்கு 2 கிலோமீட்டர்கூட வராது. 2022, 2023 மாடல்களில் ஹீட் பம்ப் (வெளிக்காற்றில் இருக்கும் வெப்பத்தை உள்ளே இழுத்து, குறைந்த மின்சாரத்தில் சூடாக்கும் கருவி) கிடையாது. கம்பிச்சுருள் ஹீட்டர்போல மின்சாரத்தை நேராக எரித்துத்தான் சூடு வருகிறது. 2024-ல்தான் ஹீட் பம்ப் சேர்த்தார்கள். நான் செய்வது இதுதான்: ஆப்பில் கிளம்பும் நேரத்தைக் காலை ஆறரை என்று பதிந்து வைத்திருக்கிறேன். பிளக் மாட்டியிருக்கும்போதே வீட்டு மின்சாரத்தில் கேபினும் பேட்டரியும் சூடாகிவிடும். வழியில் சீட் ஹீட்டரும் ஸ்டீயரிங் ஹீட்டரும் போட்டுக்கொண்டு கேபின் சூட்டைக் குறைத்து வைக்கிறேன். மின்சார வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும்; பேட்டரி சில்லிட்டிருக்கும்போது அப்படித் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறையும். அதனால் முதல் சில கிலோமீட்டருக்கு, ஆக்ஸிலரேட்டர் பெடலை விட்டால் வண்டி வழக்கம்போல வேகம் குறைந்து நிற்காது. புதிதாக ஓட்டுபவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் சார்ஜ் போட முடியாதவர்கள் இந்த வண்டியை வாங்க வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்து, அனுமதியோடு, 60 ஆம்ப் பிரேக்கரில் 48 ஆம்ப் சார்ஜர் போட்டிருக்கிறேன். 80 ஆம்ப் சார்ஜரும் உண்டு, ஆனால் அதற்கு 100 ஆம்ப் பிரேக்கர் வேண்டும். வீட்டின் மொத்த இணைப்பே 100 ஆம்ப்பாக இருக்கும் பழைய வீடுகளில் அது நடக்காது, தேவையும் இல்லை. 48 ஆம்ப்பில் எட்டு மணி நேரத்துக்குச் சுமார் 80 யூனிட் ஏறுகிறது. என் ஒரு நாள் ஓட்டத்துக்கு அது தாராளம்.

எட்டு மணி நேரம் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒன்டாரியோவில் 2023 மே மாதம் இரவுநேரச் சலுகைத் திட்டம் ஒன்று வந்தது. இரவு 11 முதல் காலை 7 வரை யூனிட்டுக்கு 2.4 சென்ட், வேலை நாட்களில் மாலை 4 முதல் 9 வரை அதைப்போல பத்து மடங்கு, 24 சென்ட். பிறகு விலை ஏறியிருக்கிறது, மின்சாரத்தை வீடுவரை கொண்டுவருவதற்கான டெலிவரி கட்டணமும் தனி. இருந்தாலும் இரவுக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளி பெரிதாகவே இருக்கிறது. வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்து பிளக்கை மாட்டினாலும், 11 மணிக்குத்தான் சார்ஜ் தொடங்கும்படி வைத்திருக்கிறேன். தினசரி 90 சதவீதம் போதும். நூறு என்பது வெளியூர் போகும் நாளுக்கு மட்டும்.

வெளியூர்ப் பயணத்தில் ஃபாஸ்ட் சார்ஜர். 15-ல் இருந்து 80 சதவீதம் ஏற 41 நிமிடம் என்பது அறிவிக்கப்பட்ட கணக்கு. பேட்டரி சூடாக இருந்தால் அதை ஒட்டியே வருகிறது. 80-க்கு மேல் வேகம் சட்டென்று விழும், அங்கே காத்திருப்பதில் பயனில்லை. குளிரில் வண்டியின் நேவிகேஷனிலேயே சார்ஜரை இலக்காகப் போட வேண்டும், அப்போதுதான் போகும் வழியிலேயே பேட்டரியைச் சூடாக்கிக்கொள்ளும். 2024-ல் டெஸ்லாவின் ஃபாஸ்ட் சார்ஜர்களான சூப்பர்சார்ஜர்கள் ஃபோர்டு வண்டிகளுக்குத் திறந்தபின் நிம்மதி கூடியது. லைட்னிங்கின் சார்ஜ் வாய் இடதுபக்க முன் மட்கார்டில் இருக்கிறது. டெஸ்லாவின் கேபிள் குட்டை. ஆகவே ஓரத்து இடம் கிடைக்காவிட்டால் இரண்டு வண்டி இடத்தை அடைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். கூட்டம் இருக்கும் நேரத்தில் இதைத் தவிர்க்கிறேன்.

டிரெய்லர் விஷயத்தில் பலர் எடையை நினைத்துப் பயப்படுகிறார்கள். எடை மேட்டில் ஏறும்போது வாங்குவதில் ஒரு பங்கை இறக்கத்தில் திருப்பித் தந்துவிடும். தூரத்தைத் தின்பது உயரமும் அகலமும்தான். தாழ்வான திறந்த டிரெய்லரில் செங்கல் ஏற்றிப் போவதைவிட, பாதி காலியான பெட்டி டிரெய்லரை இழுப்பதில் அதிகம் செலவாகிறது. பெட்டி டிரெய்லரோடு நெடுஞ்சாலையில் தூரம் பாதியாகிவிடும் என்றே திட்டமிட வேண்டும். வழியில் சார்ஜ் போட வேண்டுமென்றால் பெரும்பாலான இடங்களில் டிரெய்லரைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மழையில், இருட்டில் அது பெரிய தொல்லை. வாரந்தோறும் தொலைதூரம் இழுப்பவர்களுக்கு இந்த வண்டியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சைட்டில் இந்த வண்டிக்கு ஈடு கிடையாது. பின்பக்க பிளக்குகளில் மரம் அறுக்கும் ரம்பம், கம்ப்ரஸர், விளக்குகள் எல்லாம் ஓடுகின்றன. என் வண்டியில் 9.6 கிலோவாட் வரை எடுக்கலாம். நாள் முழுக்க வேலை செய்தாலும் ஆறேழு யூனிட்டுக்கு மேல் போவதில்லை. ஜெனரேட்டர் சத்தம் இல்லாததால் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இருந்து புகாரும் வருவதில்லை.

இதே வண்டியின் சிறிய, 98 யூனிட் பேட்டரி மாடல் விலை குறைவு என்று பார்ப்பவர்களுக்கு: ஜனவரியில் அதை 90-ல் இருந்து 15 சதவீதம் வரை பயன்படுத்தினால் கையில் 73 யூனிட்தான். யூனிட்டுக்கு 2 என்று வைத்தால் 150 கிலோமீட்டருக்கும் கீழே. உங்கள் ஒரு நாள் ஓட்டம் அதற்குள் அடங்குமா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.