கார் கழுவும் ‘முழு செற்’ வாங்கப் போகும் தம்பிமாருக்கு

வீடு வீடாகப் போய்க் கார் கழுவிக் கொடுக்கும் தொழிலை யாழ்ப்பாணத்தில் தொடங்க நினைப்பவர்கள் தயவுசெய்து இதை வாசியுங்கள். நான் இழந்தது அம்மாவின் சீட்டுக்காசு.

நகரில் ஒரு கடையில் பிரஷர் வோஷர், ஜெனரேற்றர், வக்யூம், 200 லீற்றர் தாங்கி எல்லாம் சேர்த்து 3 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். முதலாளி அரை மணித்தியாலம் இருத்தி வைத்துத் தொழில் ஆலோசனையும் சொன்னார். வோஷரைப் போட்டுக் காட்டினார், தண்ணீர் சீறிப் பாய்ந்தது. ஆனால் வயரைச் செருகியது கடைச் சுவரில் இருந்த பிளக்கில். அதை நான் யோசிக்கவில்லை.

முதல் வேலை கோண்டாவிலில் ஒரு ஐயா வீட்டில். கறுப்புக் கார். கைப் பம்பால் நுரை அடித்துவிட்டு ஜெனரேற்றரை இயக்கி வோஷர் சுவிட்சைப் போட்டேன். ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல். ஜெனரேற்றரின் சத்தம் அமுங்கியது, பிரேக்கர் விழுந்தது. நான்கு தரம் போட்டும் இதே கதை. “எங்கட பிளக்கில போடுமன் தம்பி” என்றார் ஐயா. அதற்குள் பதினொரு மணி வெயிலில் பொனற் மேல் நுரை காய்ந்து படை படையாக ஒட்டிவிட்டது.

வோஷரின் தகட்டில் 2200 வாற். ஜெனரேற்றரில் பெரிய எழுத்தில் 2.8 கேவிஏ. அது உச்ச அளவு. தொடர்ந்து தரக்கூடியது 2 கிலோவாற் என்று பின்பக்கத்துச் சின்னத் தகட்டில் இருந்தது. ஓட விடவே அது போதாது. இப்படியான மோட்டர் கிளம்பும் கணத்தில் இன்னும் பல மடங்கு கறன்ற் இழுக்கும். சுன்னாகத்தில் மோட்டர் வைண்டிங் செய்யும் அண்ணர் தகடுகளைப் பார்த்தவுடனேயே “இது ரெண்டும் சோடி சேராது” என்றார்.

கடைக்குக் கொண்டுபோனால், “ஓவர்லோட் பண்ணிப் போட்டீர், வாரண்டி இல்லை” என்கிறார்கள். சோடி சேர்த்து விற்றதே அவர்கள்தானே! பில்லில் ‘கார் வோஷ் செற் 1’ என்று மட்டும் இருக்கிறது. மொடல் இல்லை, சீரியல் நம்பர் இல்லை.

ஆலோசனையும் அப்படித்தான். 200 லீற்றரில் நான்கு கார் கழுவலாம் என்றார்கள். இந்த வோஷர் நிமிடத்துக்கு 8 லீற்றர் குடிக்கிறது. ஒரு காருக்குப் பன்னிரண்டு நிமிடம் அடித்தாலே 96 லீற்றர். இரண்டு காரோடு தாங்கி காலி. கிணற்றுத் தண்ணீர் காணும் என்றார்கள். எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல், தண்ணீரில் கல்சியம் கூட. துடைக்காமல் காயவிட்டால் வெள்ளைப் புள்ளி விழும். அதை எடுக்க என்று லேபிள் இல்லாத கானில் ஒரு திரவம் தந்தார்கள். அசிட் மணம். அந்த ஐயாவின் காரில் யன்னலோரத்து அலுமினியப் பட்டி மங்கிப்போனது. ஐயா ஏசவில்லை, ஆனால் பட்டி மாற்றும் காசை நான்தான் கட்டினேன்.

அதனால், வாங்குவதானால் அந்த ஜெனரேற்றரிலேயே வோஷரைப் பூட்டி, கடை வாசலில் இருபது நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். ஒவ்வொரு சாமானின் மொடலும் வாரண்டியும் பில்லில் தனித்தனியாக இருக்க வேண்டும்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். வாங்கப் போகும் மெஷின்களின் தகடுகளைப் படம் எடுத்து அனுப்பினால், சுன்னாகத்து அண்ணரிடம் காட்டிக் கேட்டுச் சொல்கிறேன்.