பிளஸ், மைனஸ், மல்டிப்ளைஸ்: நெல் கணக்குல ஆறு வருஷம் ஓட்டிப் பார்த்தது

மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில்லோட நெல் வரவு கணக்கு சாஃப்ட்வேர சி பிளஸ் பிளஸ்ங்கற புரோகிராம் மொழில எழுதி ஆறு வருஷமா நான்தான் பாத்துக்கிறேன். அந்த மொழியோட ஃபங்ஷனல் ஹெட்டர்ங்கற ஃபைல்ல கூட்ட, கழிக்க, பெருக்கன்னு ரெடியா கெடக்குற பிளஸ், மைனஸ், மல்டிப்ளைஸ் ஆப்ஜெக்டுங்க என் சாஃப்ட்வேர்ல நெறய எடத்துல இருக்கு.

மொத சம்பா அறுப்புலயே கணக்குப்பிள்ளை நோட்டோட வந்துட்டாரு. "தம்பி, 200 மூட்டைக்கு கிட்டத்தட்ட ஒரு குவிண்டால் குறையுது, விவசாயிக்கு யாரு பதில் சொல்றது?" பாத்தா, வரிசையா கூட்டித் தொகை போடுற அக்யுமுலேட்டுக்கு குடுத்த பிளஸ்ல டைப் இன்ட்னு, அதாவது முழு எண்ணுன்னு இருக்கு, 40.6 கிலோ மூட்டை 40 ஆயிடுச்சு, எரரும் வரல. தசமம் தாங்குற டபுள்னு மாத்துனேன், அப்பவும் அதே கதை, ஏன்னா ஆரம்ப மதிப்பு வெறும் 0, அதுவும் இன்ட்தான், தொகை எந்த டைப்ல நிக்கணும்னு அக்யுமுலேட் அத வச்சுதான் முடிவு பண்ணும். 0.0 போட்டதும் நோட்டும் ஸ்க்ரீனும் ஒத்துப்போச்சு.

சி பிளஸ் பிளஸ் 14ங்கற பதிப்புல இருந்து பிளஸ்ஸோட டைப் எழுதுற பிராக்கெட்ட காலியாவே விடலாம், வர்ற மதிப்போட டைப்ப அதுவே எடுத்துக்கும். எனக்கு உசுரு இதுதான். எங்க பக்கம் நெலம்னா இன்னும் வேலி, மா, குழிதான், 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. அது மூணையும் ஒண்ணா வைக்கிற டைப்பா ஒரு ஸ்ட்ரக்ட் போட்டு கூட்டல் ஆபரேட்டர் மட்டும் எழுதுனேன், கிலோவ கூட்டுன அதே டெம்ப்ளேட், அதாவது எந்த டைப்புக்கும் பொருந்துற கோடு, ஒரு எழுத்து மாத்தாம 60 குழியும் 70 குழியும் சேத்து 1 மா 30 குழின்னு குடுத்துச்சு பாருங்க, அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல எனக்கு.

மேட்டூர் மட்டம் தெனம் எவ்வளவு ஏறுது எறங்குதுன்னு பாக்க அட்ஜசன்ட் டிஃபரன்ஸ், அது ஒவ்வொரு எண்ல இருந்தும் அதுக்கு முந்தின எண்ண தானாவே கழிக்கும். மொத எண் மட்டும் அப்படியே வந்து நிக்கும், அது ஏத்தம் இல்ல, மொத நாள் மட்டம்.

அக்யுமுலேட் மாதிரியே தொகை போடுற ரெட்யூஸ்ல மைனஸ்ஸ தயவுசெஞ்சு குடுக்காதீங்க, ரெட்யூஸ் எண்ணுங்கள எந்த வரிசைல வேணா சேக்கும், கழிவு கணக்கு தப்பாயிடும். டபுள்னா பிளஸ்கூட கடைசி தசமத்துல ஆடும். அதனால எடைய கிராமா முழு எண்ல வச்சேன், அதுலயும் இன்ட் போதாது, 2147 டன்னோட நின்னுடும், இன்னும் பெரிய முழு எண் தாங்குற லாங் லாங்தான், ஆரம்ப 0-வையும் லாங் லாங்காவே குடுங்க.