கடவுளின் பராமரிப்பு: கார்ல் பார்த்தும் திறந்த இறையியலும்

2004 சுனாமி, 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு. மட்டக்களப்பு வேதபாடக் குழுக்களில் வரும் கேள்வி ஒன்றே: இது கடவுள் சித்தமா? 20ஆம் நூற்றாண்டின் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த்தும், எதிர்காலம் கடவுளுக்கும் ஓரளவு திறந்தே இருக்கிறது என்னும் திறந்த இறையியலும் தரும் பதில்களை ஒப்பிடுவோம்.

எதிர்காலம்
பார்த்: கடவுள் முழுவதும் அறிவார்.
திறந்த இறையியல் (கிளார்க் பின்னக் முதலானோரின் 1994 நூல்): மனிதர் இனி எடுக்கும் முடிவுகளைச் சாத்தியங்களாகவே அறிவார்.

சுதந்திரம்
பார்த்: கடவுள் காக்கிறார், உடன்செல்கிறார், ஆளுகிறார், அவர் செயல் நம் செயலை நசுக்காது. எப்படி என்பது மறைபொருளாகவே நிற்கிறது, பலவீனம் அங்கேதான்.
திறந்த இறையியல்: வேறு விதமாகச் செய்ய முடிந்தால்தான் சுதந்திரம்.

வேதம்
யோனா 3:10 (நினிவே மனந்திரும்பியதும் கடவுள் தண்டனையைக் கைவிட்டார்) திறந்த இறையியலுக்குக் கைகொடுக்கும்; ஏசாயா 46:10 (கடவுள் முடிவை ஆதியிலேயே அறிவிக்கிறார்) எதிர்த்து நிற்கும். பேதுரு மறுதலிப்பான் என்று இயேசு முன்பே சொன்னது திறந்த இறையியலுக்குப் பெரிய முள்.

குண்டு வைத்தது மனிதன். அங்கே திறந்த இறையியல் தெளிவாகப் பேசும். சுனாமிக்கு அது போதாது, கடலுக்கு ஏது சுதந்திரம்? மட்டக்களப்பின் கல்லடிக் கரையில் சுனாமியில் பிள்ளையை இழந்த தாயிடம் பார்த்தின் உடன்செல்லும் கடவுளையே பேசலாம்.