கப்பலில் ‘சூட்’ என்று சொல்லி விற்கிறார்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சொகுசுக் கப்பலில் சூட், அதாவது உட்காரும் இடமும் சேர்ந்த பெரிய அறை, எடுத்துப் போகலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். நானும் மனைவியும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஏழு இரவுப் பயணம் போய் வந்து இரண்டு மாதம் ஆகிறது, இன்னும் கோபம் அடங்கவில்லை. பட்ட அவதியில் பாதி எங்களுக்கு புக் செய்து கொடுத்த ஏஜென்டால் வந்தது, மீதி கப்பல் கம்பெனியால். இரண்டு பெயரையும் எழுதப் போவதில்லை. இதே வேலையைப் பல பேர் செய்கிறார்கள், ஒரு பெயரைச் சொன்னால் அந்த ஒருவரை மட்டும் விட்டுவிட்டு அடுத்தவரிடம் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மெதுவாக நடப்பார், ஆனால் ஒரே இடத்தில் கால் மணி நேரம் நிற்க முடியாது. சூட் எடுக்க நினைத்ததே அதற்காகத்தான். சூட்டில் போகிறவர்களுக்கு ஏறும்போதும் இறங்கும்போதும் தனி வரிசை, கூட்டமில்லாத தனி உணவகம், நாள் முழுக்க உட்கார்ந்திருக்க ஒரு லவுஞ்ச், கப்பல் கரைக்கு வர முடியாத ஊர்களில் சின்னப் படகில் இறங்க முன்னுரிமை, இதெல்லாம் உண்டு என்று படித்திருந்தோம். ஏஜென்டிடம் போனில் ஒவ்வொன்றாகக் கேட்டேன். “சார், நீங்க எடுக்கறது சூட். எல்லா சலுகையும் வந்துடும், அம்மா எங்கேயும் நிக்கவே வேண்டாம்” என்றார். வாட்ஸ்அப்பில் நாலு போட்டோ வேறு அனுப்பினார். ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேஜை, ஜன்னலோரம் குளியல் தொட்டி, கடலைப் பார்த்துப் போட்ட நீள சோபா. அம்மாவிடம் காட்டினேன், அவர் அந்த சோபாவைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

உறுதிச் சீட்டு வந்தபோது அதில் ‘ஜூனியர் சூட், கியாரண்டி’ என்று இருந்தது. கியாரண்டி என்றால் அறை உறுதி என்று எடுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிட்டேன். கப்பல் புக்கிங்கில் அந்தச் சொல்லுக்கு அர்த்தமே வேறு. அந்தப் பிரிவிலோ அதற்கு மேலோ ஏதோ ஓர் அறை கிடைக்கும், அது எந்தத் தளத்தில், எந்தப் பக்கம், எதற்குக் கீழே என்பதைக் கம்பெனி முடிவு செய்யும், புறப்படுவதற்குச் சில நாள் முன்னால்தான் எண் வரலாம், வந்த எண் பிடிக்கவில்லை என்றாலும் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. விலை குறைவாகக் கிடைப்பதே அதனால்தான். எனக்கு மட்டும் விலை குறையவில்லை, அது பிறகு தெரிந்தது.

சரி, ஏறிய நாளுக்கு வருகிறேன். முனையத்தில் சூட்காரர்களுக்கான வரிசையில் போய் நின்றோம். கார்டைப் பார்த்துவிட்டு, உங்களுடையது அந்தப் பக்கம் என்று பொது வரிசைக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா ஐம்பது நிமிடம் அங்கே இருந்தார், நடுவில் யாரோ ஒரு பெண் எழுந்து நாற்காலி கொடுத்தார். அன்று மாலை லவுஞ்சுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, பக்கத்தில் கார்டு வைக்கும் சின்னப் பெட்டி. அம்மா தன் அறைக் கார்டை வைத்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. திருப்பி வைத்தார், மறுபடியும் சிவப்பு. புடவைத் தலைப்பால் கார்டைத் துடைத்து இன்னொரு முறை வைத்தார். உள்ளே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பணியாளர் வெளியே வந்து, மரியாதையாகத்தான், இது உங்கள் அறைப் பிரிவுக்குக் கிடையாது என்று சொன்னார். அம்மா “பரவாயில்லப்பா, அறைக்கே போயிடலாம்” என்றார். அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற இரண்டு நிமிடத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். சூட் என்ற சொல் அறையின் பெயர் மட்டும்தான், சலுகைகள் வேறு கணக்கில் ஓடுகின்றன. நாங்கள் போன கப்பலை விடுங்கள், பெரிய கப்பல் கம்பெனிகளின் பெயர்களையே எடுத்துக்கொள்ளுங்கள், அவர்களே வெளிப்படையாகப் போட்டிருக்கும் விஷயம் இது. பிரின்சஸ் கப்பல்களில் மினி சூட் எடுத்தால் முழு சூட்டின் சலுகைகள் எல்லாம் வராது. ஹாலந்து அமெரிக்காவில் விஸ்டா சூட் எடுத்தவர் நெப்டியூன் லவுஞ்ச் என்ற சூட்காரர்களின் லவுஞ்சுக்குள் போக முடியாது, அதற்கு நெப்டியூன் சூட்டோ அதற்கு மேலோ வேண்டும். நார்வேஜியனில் முன்பு மினி சூட் என்று இருந்ததற்கு இப்போது கிளப் பால்கனி சூட் என்று பெயர், ஆனால் உயர்ந்த சூட்காரர்களுக்கு ‘ஹேவன்’ என்று தனிக் கதவு போட்டு வைத்திருக்கிறார்களே, அந்தப் பகுதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ராயல் கரீபியனின் பெரிய கப்பல்களில் ஸீ, ஸ்கை, ஸ்டார் என்று மூன்று படிகள், ஜூனியர் சூட் கடைசிப் படியில் இருக்கிறது. படித்துத் தெரிந்துகொண்டால் குழப்பமே இல்லை. ஏஜென்ட் போனில் “சூட்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடும்போதுதான் மாட்டுகிறோம்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோசமான அறை என்று சொல்ல மாட்டேன், சாதாரண பால்கனி அறையை விடக் கொஞ்சம் நீளம், ஒரு சோபா கட்டில், குளியல் தொட்டி. ஆனால் போட்டோவில் பார்த்ததற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. விளம்பரத்தில் போட்டிருந்த சதுர அடியில் பால்கனியும் சேர்த்தி என்பது பிறகுதான் புரிந்தது. பல கம்பெனிகள் இப்படித்தான் கணக்குக் காட்டுகின்றன, கேட்டால் பிரித்துச் சொல்வார்கள், நாம்தான் கேட்க வேண்டும்.

இருந்த இடம்தான் உயிரை எடுத்தது. கப்பலின் பின்பக்கம், நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. தினமும் விடியற்காலை ஐந்து மணிக்கு மேலே சாய்வு நாற்காலிகளை வரிசையாக அடுக்குவார்கள். ஒவ்வொரு நாற்காலியும் தரையில் இழுபடும் சத்தம், கர்ர்ரென்று ஆரம்பித்து டொக்கென்று முடியும், அடுத்த நொடி அடுத்தது. முப்பது நாற்பது நாற்காலி வரை எண்ணியிருக்கிறேன். அது ஓய்ந்ததும் துறைமுகத்துக்குள் நுழையும் நேரம் வந்துவிடும். கப்பலைப் பக்கவாட்டில் தள்ளிக் கரை சேர்க்க இயந்திரங்கள் ஓடும்போது பின்பக்க அறைகளில் அதிர்வு தெரியும், மேஜை மேல் இருந்த கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று கிணுகிணுவென்று மோதிக்கொண்டே இருக்கும். அம்மா மூன்றாம் நாளிலிருந்து மத்தியானத்தில்தான் தூங்கினார். பால்கனியில் உட்காரலாம் என்றால் புகைபோக்கியிலிருந்து கரித்துகள் காற்றோடு வந்து படிந்திருக்கும். நாற்காலியில் விரித்த வெள்ளைத் துண்டை எடுத்து உதறினால் விரல் பட்ட இடமெல்லாம் கருப்புக் கோடு. தினமும் வந்தது என்று சொல்ல மாட்டேன், காற்று திரும்பிய இரண்டு நாள் வந்தது. பின்பக்க அறைகளில் கப்பல் கிழித்துக்கொண்டு போகும் தண்ணீரின் காட்சி அழகுதான், அதற்காகவே தேடி எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தெரிந்து எடுக்கிறார்கள், எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

முன்பக்க சூட் கிடைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. கப்பல் அலையில் அதிகம் ஆடுவது நுனியிலும் உயரத்திலும்தான். முன்பக்கம் பார்த்த அறைகளில் இரவில் திரையை மூடி வைக்கச் சொல்வார்கள், வெளிச்சம் கப்பலை ஓட்டுபவர்களின் கண்ணுக்கு இடைஞ்சல் என்பதால். காற்று வேகமாக இருந்தால் பால்கனிக்குப் போகவே வேண்டாம் என்பார்கள். ஆட்டம் குறைவாக வேண்டும் என்றால் நடுப்பகுதியில் கீழ்த்தளம்தான் நல்லது, ஆனால் விலை உயர்ந்த சூட்கள் பெரும்பாலும் உயரத்திலும் ஓரங்களிலும்தான் இருக்கின்றன.

பட்லரைப் பற்றி, அதாவது சூட்டுக்கென்று இருக்கும் தனிப் பணியாளரைப் பற்றிக் கேட்காதீர்கள். எங்கள் பிரிவுக்கு இல்லை. டிப்ஸ் மட்டும் சாதாரண அறையை விட அதிக விகிதத்தில், தலைக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று கப்பல் கணக்கில் ஏறிக்கொண்டே இருந்தது, சோபா கட்டிலில் படுத்த எனக்கும் சேர்த்து. பட்லர் உள்ள பிரிவு எடுப்பவர்கள் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள், சில கம்பெனிகளில் அந்த தினசரித் தொகையில் பட்லருக்கும், முன்பதிவு போன்ற வேலைகளைச் செய்து தரும் கன்சியர்ஜுக்கும் பங்கு கிடையாது, தனியாகத் தர வேண்டும்.

முதல் இரண்டு நாளும் ரிசப்ஷனில் போய் நின்றேன். உங்கள் ஏஜென்டிடம் பேசுங்கள் என்று ஒரே பதில். இது அவர்கள் தட்டிக்கழிக்கச் சொல்வது மட்டுமில்லை, ஏஜென்ட் மூலம் எடுத்த புக்கிங்கில் கம்பெனி பயணியிடம் நேராக எதையும் மாற்றித் தராது, எல்லாம் ஏஜென்ட் வழியாகத்தான். நடுக்கடலில் இருந்துகொண்டு அவருக்கு போன் போட்டேன், எடுக்கவில்லை. மெசேஜ் போய்ச் சேர்ந்து நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் ஹோட்டல் டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். கப்பலில் அறை, சாப்பாடு, பணியாளர்கள் எல்லாவற்றுக்கும் மேலே இருப்பவர் அவர். வந்தார், உட்கார்ந்து கேட்டார். கப்பல் நிரம்பி வழிகிறது, அறை மாற்ற வழியில்லை என்றார், கப்பலில் செலவழிக்க ஒரு சிறு தொகையைக் கணக்கில் போட்டார். பிறகு அம்மாவைப் பார்த்து ஒன்று கேட்டார். “முழங்கால் பிரச்சினை என்று பயணத்துக்கு முன்பே எங்களிடம் பதிவு செய்தீர்களா?” இல்லை என்றேன். ஏறவும் இறங்கவும் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டால், எந்த அறை எடுத்திருந்தாலும் ஆள் வந்து அழைத்துப் போவார், அதற்குத் தனிக் கட்டணம் கிடையாது என்றார். மற்ற பெரிய கம்பெனிகளிலும் இந்த ஏற்பாடு உண்டு என்று பிறகு பார்த்துத் தெரிந்துகொண்டேன். லிஃப்டுக்குப் பக்கத்தில், நடுப்பகுதியில் ஒரு சாதாரண பால்கனி அறையும், இந்த ஒரு வரி கோரிக்கையும் இருந்திருந்தால் அம்மாவுக்கு வேண்டியதில் முக்கால்வாசி கிடைத்திருக்கும். சின்னப் படகில் இறங்கும் ஊரில் மட்டும் அலையைப் பொறுத்துச் சக்கர நாற்காலியை ஏற்ற மாட்டார்கள், அது தெரிந்திருக்க வேண்டும். அந்த மனிதர் அடுத்த நாள் படகுக்கு அம்மாவை முதல் ஆளாக ஏற்ற ஏற்பாடு செய்தார். அதற்கு அவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

காலைச் சாப்பாட்டு மேஜையில் ஒரு வயதான தம்பதியைப் பார்த்தோம், அவர்கள் கதை வேறு. நடுப்பகுதியில் தேடிப் பிடித்து நல்ல பால்கனி அறை எடுத்திருக்கிறார்கள். புறப்படச் சில வாரம் முன்பு, உயர்ந்த அறைக்கு ஏலம் கேட்கலாம் என்று கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கேட்டார்கள், கிடைத்தது, நாடக அரங்குக்கு நேர் மேலே. இரவு பதினொன்றரை வரை தரை வழியாக டிரம்ஸ். ஏலத்தில் போடும் தொகை ஓர் ஆளுக்கு, அறைக்கு இரண்டு பேர் கணக்கு, அதனால் கிரெடிட் கார்டில் இரட்டிப்பாகப் போகும். ஏற்றுக்கொண்ட பிறகு திரும்பாது. தேர்ந்தெடுத்த பழைய அறையும் போய்விடும். அவர்கள் இந்த இரட்டிப்பை கார்டு பில் வந்த பிறகுதான் கவனித்திருக்கிறார்கள்.

இப்போது ஒருவர் என்னிடம் கேட்டால் இப்படிச் செய்யச் சொல்வேன். ஏஜென்ட் சொல்லும் பெயரை விட்டுவிட்டு பிரிவுக் குறியீட்டையும் அறை எண்ணையும் எழுத்தில் வாங்குங்கள், எண் தர முடியாது என்றால் அது கியாரண்டி புக்கிங், அதற்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். கம்பெனியின் இணையதளத்தில் அந்தக் குறியீட்டுக்கு என்னென்ன உண்டு என்று நீங்களே பாருங்கள். டெக் பிளானை, அதாவது கப்பலின் தள வரைபடத்தைத் திறந்து உங்கள் அறைக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள், மேலேயும் கீழேயும் அறைகளே இருந்தால் நிம்மதி. பக்கத்து அறைக்கு இணைப்புக் கதவு இருந்தால் அதற்கு ஒரு குறி போட்டிருப்பார்கள், பேச்சுச் சத்தம் அந்தக் கதவு வழியாக வரும். மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதி பெரும்பாலும் பயணத்துக்கு இரண்டரை மாதத்திலிருந்து நாலு மாதத்துக்கு முன்னால் வரும், எதை மாற்றுவதாக இருந்தாலும் அதற்குள் மாற்றிவிடுங்கள், அதன் பிறகு ரத்து செய்தால் பிடித்தம் ஏறிக்கொண்டே போகும். சில கம்பெனிகளில் சூட்டுக்குக் கட்டிய முன்பணமே திரும்பாது, அதையும் முதலில் கேளுங்கள்.

கேஸ் போடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். பயண ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்தேன், அறையை மாற்றும் உரிமை கம்பெனிக்கு இருக்கிறது, வழக்கு என்றால் அவர்கள் சொல்லும் ஊர் நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். டிக்கெட்டில் அச்சடித்த இந்த மாதிரி நிபந்தனை செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991லேயே ஒரு கப்பல் பயணியின் வழக்கில் சொல்லிவிட்டது. ஏறுவதற்கு முன் ஆன்லைனில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டுகிறோமே, அதில் இருப்பது இதுதான்.

திரும்பி வந்ததும் ஏஜென்ட் ஒருவழியாக போனை எடுத்தார். “சார், சீட்டுலேயே ஜூனியர் சூட்னு போட்டிருக்கே, நான் எங்க ஏமாத்தினேன்?” என்றார். அவர் வாங்கிய தொகையையும் அதே பிரிவுக்குக் கம்பெனியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், அறை எண்ணோடு எடுப்பவர்கள் கொடுக்கும் விலையை எங்களிடம் வாங்கிக்கொண்டு கியாரண்டியில் போட்டிருக்கிறார். கார்டு கொடுத்த வங்கியில் புகார் கொடுத்தேன். என்ன வாக்குக் கொடுத்தார் என்பதற்கு எழுத்தில் ஆதாரம் கேட்டார்கள். பேசியதெல்லாம் போனில், என்னிடம் இருந்தது அந்த நாலு போட்டோவும் அதற்குக் கீழே அவர் போட்டிருந்த ‘உங்க சூட் சார்’ என்ற ஒரு வரியும்தான். கம்பெனி தளத்தில் தேடினேன், அந்தப் படங்கள் எங்கள் அறையை விட நாலு படி மேலே இருக்கும் பிரிவின் படங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போன வாரம் வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.